வாயைத் திறந்துகொண்டு கேட்ட மூச்சுக் கதை

1

இந்தக் கதையை நான் சரியாகக் கேட்டேனா என்பதே எனக்குச் சந்தேகம். கேட்டதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது அதற்கடுத்த சந்தேகம். காரணம் எளியது. இதைக் கேட்டபோது என் வாய் திறந்திருந்தது. ஆச்சரியத்தால் அல்ல. பல் மருத்துவர் திறக்கச் சொல்லியிருந்தார்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று. பாதி நாக்கு மரத்துப் போயிருந்தது. கன்னத்துக்குள் பஞ்சு, வாயோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் அம்மா, எதிர்ப்பக்கம் நின்ற டாக்டரிடம், என் முகத்துக்கு மேலாகத் தன் வீட்டுக்காரரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே நான் ஒரு மேஜை மாதிரி கிடந்தேன்.

எனக்குக் கேள்விகள் இருந்தன. "ஆ" என்றேன். "வலிக்குதா?" என்றார் டாக்டர். இல்லை என்பதற்கும் "ஆ"தான். அவர் மரத்துப் போகிற மருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதன்பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் இருக்கும் அறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியும். ஆனாலும் விரும்பி வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு, திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பது வேறு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்று. கதையின் சில இடங்களில் பல்லைத் துளைக்கும் கருவி ஓடியது. அப்போது எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த இடங்களில் [கர்ர்ர்] என்று போட்டிருக்கிறேன். வேறு சில இடங்களில் நானே இட்டுக்கட்டியிருக்கிறேன். அவற்றுக்கு அடையாளம் எதுவும் போடவில்லை.

2

முதல் வரிதான் தொல்லை.

"சூரியன் மெல்ல எழுந்து, ஒலிப்பதிவுக் கூடத்தின்—" [அந்தக் கூடத்துக்குச் சன்னலே கிடையாது. சூரியன் எழுந்தால் என்ன, படுத்தால் என்ன.]

"மூச்சு விடுகிறவர்களை அவன் வெறுத்தான்." [அநியாயம். அவர் நல்ல மனிதர். மனைவியின் குரலில் அலுப்பு இருந்தது, குற்றச்சாட்டு இல்லை. தவிர, 'அவன்' என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அந்த அம்மாவிடம் எனக்கு இன்னொரு பல்லும் பாக்கி இருக்கிறது.]

"கத்தரி மூச்சுகளை வெட்டிக்கொண்டிருந்தார்."

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

கத்தரி என்பது அந்த வீட்டுக்காரரின் பட்டப்பெயர். அவர் ஒரு ஒலித்தொகுப்பாளர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்து மைக்கில் பேசுவார்கள். இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, பேசியதைக் கணினித் திரையில் அலை அலையாகப் பார்த்து, வேண்டாததை வெட்டி எறிவார். வேண்டாதது என்றால் இருமல், நாற்காலியின் முனகல், வயிற்றுக் கடமுடா, எச்சில் விழுங்குகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மனிதர்கள் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். கத்தரியைப் பொறுத்தவரை அது வளர்ப்புச் சரியில்லாததால் வருகிற பழக்கம்.

"பேசச் சொன்னா காத்து வாங்கறாங்க" என்பார்.

மௌனமும் அப்படித்தான். அரை வினாடிக்கு மேல் மௌனம் இருந்தால் வெட்டு. அது கூடத்தின் சட்டம். சட்டத்தை எழுதியவரும் அவர்தான். லிஃப்டில் ஏறினால் ஒரு பெண்குரல் "கதவு மூடுகிறது" என்று சொல்லும் அல்லவா? தொலைபேசியில் காக்க வைத்துவிட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லுமே, அதுவும் அதே குரல்தான். அந்தக் குரலுக்குரியவர் மூச்சே விட மாட்டார் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது கத்தரியின் கைவண்ணம்.

திரையில் மூச்சு ஒரு சின்னக் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும்.* மௌனம் நேர்கோடாகக் கிடக்கும். பதினோரு வருடப் பழக்கத்தில் கத்தரி காதால் வேலை பார்ப்பதையே விட்டுவிட்டார், எல்லாம் கண்தான். பூச்சியைக் கண்டால் நசுக்கு, கோட்டைக் கண்டால் நறுக்கு. பேசுகிறவர் என்ன பேசுகிறார் என்பது அவர் மண்டைக்குள் போய் வெகுகாலமாயிற்று.

(* இந்த உவமை உதவியாளர் அம்மாவுடையது. கைதட்டியிருப்பேன். கை நாற்காலிப் பிடியை விட மறுத்தது.)

3

லிஃப்டில் பேசுகிறவர் குரலக்கா. ஐம்பது வயது. பதினோரு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கத்தரி. இந்த வருடம் லிஃப்ட் நிறுவனம் குரலக்காவை நிறுத்திவிட்டது. இனிமேல் கணினியே பேசிக்கொள்ளுமாம். தொலைபேசிக்காரர்களும் அதே வழியில் போனார்கள். குரலக்காவின் கையில் மிஞ்சியது ஒரே ஒரு வேலை.

ஒரு காப்பீட்டு அலுவலகம். ஊழியர்களுக்கு மன அழுத்தமாம். தினமும் காலையில் கூரை ஒலிபெருக்கியில் மூச்சுப் பயிற்சி போட்டால் சரியாகும் என்று அங்கிருந்த மனிதவள மேடம் முடிவு செய்திருந்தார். முதல் பகுதி பிடித்தால் மொத்தம் நாற்பது. எழுதுவதும் பேசுவதும் குரலக்காவே. இதுவரை ஊரார் எழுதிக் கொடுத்ததைப் பேசிய குரல், முதன்முறையாகத் தன் சொந்தச் சொற்களைப் பேசப் போகிறது.

பதிவு இருபத்திரண்டு நிமிடம் வந்தது. "மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்" என்பார் குரலக்கா. பிறகு பத்து வினாடி சும்மா இருப்பார். தானும் இழுப்பார். "வெளியே விடுங்கள்" என்பார். தானும் விடுவார். கத்தரி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருக்கு அது வேலை நேரமில்லை. அவருடைய வேலை பிறகு தொடங்குகிறது.

தொடங்கியது. திரை முழுக்கக் கம்பளிப்பூச்சி! இத்தனை பூச்சியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நடுநடுவே பாலைவனம் போல நேர்கோடுகள் வேறு. 'அக்காவுக்கு வயசாகுது, பாவம்' என்று இரக்கப்பட்டார் கத்தரி. அன்பினாலேயே வழக்கத்தைவிடக் கவனமாக வெட்டினார். மாலைக்குள் இருபத்திரண்டு நிமிடம் மூன்று நிமிடம் நாற்பது வினாடியாகச் சுருங்கிப் பளபளத்தது. மனிதவள மேடம் அவசரப்படுத்தியதால், குரலக்காவுக்குப் போட்டுக் காட்டாமலே அனுப்பிவிட்டார்.

அனுப்பியது, சுருக்கமாக, இப்படி இருந்தது:

"மூச்சை உள்ளே இழுங்கள் வெளியே விடுங்கள் உள்ளே வெளியே உள்ளே வெளியே அவசரமே இல்லை இடது கால் கட்டைவிரலைக் கவனியுங்கள் பாதம் கணுக்கால் முழங்கால் அடுத்த கால் இடுப்பு வயிறு வயிற்றோடு கொஞ்ச நேரம் இருங்கள் நெஞ்சு தோள் உங்களிடம் நீங்களே அன்பாக இருங்கள் அருகில் இருப்பவரிடமும் இருங்கள் கண்களைத் திறங்கள் நன்றி."

4

அந்த அலுவலகத்தில் நடந்ததைக் கத்தரி பார்க்கவில்லை. மனிதவள மேடம் கத்தரியிடம் சொல்லி, கத்தரி மனைவியிடம் சொல்லி, மனைவி டாக்டரிடம் சொன்னது. மூன்று வாய் தாண்டி, திறந்து கிடந்த நான்காவது வாய்க்கு வந்திருக்கிறது. அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

அறுபது பேர் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றார். குரல் கூரையிலிருந்து கொட்டியது. உள்ளே வெளியே உள்ளே வெளியே. பத்தாவது வினாடியில் அறுபது பேரும் பந்தயம் ஓடி வந்த நாய்கள் மாதிரி இரைத்தார்கள். "அவசரமே இல்லை" என்று குரல் அவசரமாக அறிவித்தது. ஒருவர் மிகவும் சிரத்தையானவர். கட்டைவிரலைக் கவனிக்க வேண்டுமே என்று காலணியைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி விரலைக் கண்டுபிடித்தபோது மற்றவர்கள் தோளுக்குப் போயிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு விக்கல் பிடித்து மதிய உணவுவரை நிற்கவில்லை. மேலாளருக்குத் தலை சுற்றியது. "அருகில் இருப்பவரிடமும்" என்ற இடத்தில் அவர் சாய்ந்து, அருகில் இருந்த நகலெடுக்கும் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அது அவருடைய கன்னத்தை ஏழு நகல் எடுத்தது.

வாசல் காவலாளி மட்டும், "நல்லாருந்துச்சு, சீக்கிரம் முடிஞ்சுது" என்றாராம்.

[இந்த இடத்தில் ஒரு சபலம். 'அந்த வேகப் பதிப்பு எல்லோருக்கும் பிடித்துப்போய், நாடெங்கும் பரவி, கத்தரியும் குரலக்காவும் புகழின்—' அடித்துவிட்டேன். தவறுகள் தாமாகவே வெற்றியாக மாறும் கதைகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன். இங்கே அறுபது பேருக்குத் தலை சுற்றியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.]

மனிதவள மேடம் தொலைபேசியில் வந்தார்.

"சார், இது மூச்சுப் பயிற்சியா, மூச்சுத் திணறல் பயிற்சியா?"

"ஏன் மேடம், தெளிவா இல்லையா?"

"குரல் தெளிவாத்தான் இருக்கு. நாங்கதான் தெளிவா இல்ல. பாதிப் பேர் தரையில உட்கார்ந்திருக்காங்க."

"ஒரு மூச்சுச் சத்தமாவது கேட்டுச்சா மேடம்?" என்று பெருமையோடு கேட்டார் கத்தரி.

"கேட்டுச்சு. எங்களோடது."

கத்தரிக்கு மெல்ல உறைத்தது. மூச்சுப் பயிற்சி என்றால் மூச்சைப் [கர்ர்ர்] பதினோரு வருடத்தில் முதன்முறையாக [கர்ர்ர்] என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முழுசா இன்னொண்ணு அனுப்பறேன் மேடம். ஒரே மணி நேரம்."

"வேணாம் சார். ஸ்பீக்கர்ல அந்தக் குரல் மறுபடி வந்தா ஜனங்க படிக்கட்டுப் பக்கம் ஓடிடுவாங்க. வெள்ளிக்கிழமை அந்தம்மாவை நேர்ல வரச் சொல்லுங்க. நல்லா வந்தா மத்ததைப் பேசுவோம். வரலைன்னா மன்னிச்சுக்குங்க, வேற ஆளைப் பாத்துப்போம்."

5

அன்று மதியம் குரலக்கா வந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று நிமிடம் நாற்பது வினாடியையும் கேட்டார். கழற்றி மேஜைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

[இங்கே ஒரு முழுப் பக்கத்தை வெற்றாக விட ஆசைப்பட்டேன். அச்சிடுகிறவர்கள் தவறு என்று நினைத்து நிரப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் விடவில்லை.]

"தம்பி, இதுல நான் எத்தனை தடவை மூச்சு விட்டேன்?"

"இருநூத்திப் பதினாலு அக்கா."

"அதையெல்லாம் என்ன பண்ணின?"

"எடுத்துட்டேன்."

"நடுவுல சும்மா இருந்தேனே?"

"பதினெட்டு நிமிஷம் இருபது வினாடி. அதையும் எடுத்துட்டேன்."

"அப்ப நான் எழுதினது இதுல எங்கடா இருக்கு?"

"வார்த்தை எல்லாம் இருக்கே அக்கா! ஒண்ணு கூட விடல."

"வார்த்தை வெறும் பாத்திரம்டா. சாப்பாட்டைக் கொட்டிட்டுப் பாத்திரத்தை மட்டும் கழுவி அனுப்பியிருக்க. அதுவும் பளபளன்னு."

கத்தரி பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அதையும் பார்த்துவிட்டார்.

"போன வருஷம் ஆறு மாசம் எனக்குத் தூக்கமே இல்ல. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே அக்கா."

"எப்படித் தெரியும்? என் மூச்சுல இருந்திருக்கும். அதைத்தான் நீ தினம் கூட்டிப் பெருக்கிட்டியே. வெறும் தரையில படுத்துக்கிட்டு, கால் கட்டைவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரையா விசாரிச்சேன். கல்யாண வீட்டுல சொந்தக்காரங்களை விசாரிப்போமே, அந்த மாதிரி. 'எப்படி இருக்கப்பா, ரொம்ப நாளாச்சே'ன்னு. கட்டைவிரல் நல்லாத்தான் இருந்துச்சு. முழங்கால் கன்னாபின்னான்னு திட்டுச்சு. கல்லீரலை இதுவரைக்கும் யாரும் விசாரிச்சதே இல்லையாம், ஒரே அழுகை."

"கல்லீரல் பேசுமா அக்கா?"

"நின்னு கேட்டா பேசும். நீதான் அரை வினாடிக்கு மேல எங்கயும் நிக்க மாட்டியே. அப்படி விசாரிச்சு விசாரிச்சுத்தான் தூக்கம் வந்துச்சு. அதைத்தான் எழுதினேன். இந்த ஒரு வேலைதான் தம்பி இப்ப என் கையில இருக்கு. அதுல என் பேச்சு இருந்துச்சு."

'இருந்துச்சு' என்ற சொல் கத்தரியின் காதில் விழுந்தது. திரையில் அல்ல, காதில். அவர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

"வெள்ளிக்கிழமை நீயும் வர்ற" என்றார் அக்கா.

"நான் எதுக்கு? நேர்ல பேசறதை வெட்ட முடியாதே."

"அதனாலதான் பயமா இருக்கு. பதினோரு வருஷமா உன் மூஞ்சியைப் பாத்துத்தான் பேசியிருக்கேன். மனுஷங்க முன்னாடி பேசினதே இல்ல."

கத்தரி இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசிப்பதற்குள் குரலக்கா வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இன்னொண்ணு. வெட்டறப்ப நீ மூச்சே விடறதில்ல, தெரியுமா? கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் இருக்கேன். என்னைக்காவது நீலமாயிடுவியோன்னு கவலைப்பட்டிருக்கேன்."

6

அன்று மாலை கத்தரி தன் மூச்சைக் கவனித்தார். அங்கேதான் வினை.

கவனிக்க ஆரம்பித்ததும் அது தானாக ஓடுவதை நிறுத்திவிட்டது. ஒவ்வொன்றையும் அவரே இழுத்து, அவரே விட வேண்டியிருந்தது. பேருந்தில் நடத்துநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது மூச்சு பாதியில் இருந்தது. முடித்துவிட்டுச் சொல்வதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது.

[வாசகரை இங்கே எச்சரித்திருக்க வேண்டும். நீங்களும் இந்நேரம் உங்கள் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்திருப்பீர்கள். மன்னிக்கவும். எனக்கும் அதே கதி. இந்தப் பகுதி முழுவதையும் மூச்சைக் கையால் தள்ளிக்கொண்டுதான் எழுதினேன்.]

சாப்பாட்டு மேஜையில் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடறீங்க?"

"மூச்சு விடறேன்."

"அதுக்கு இவ்வளவு ஏற்பாடா?"

"நான் விட்டாத்தான் வருது. மறந்துட்டா நின்னுடும்."

"நாப்பத்திரண்டு வருஷமா உங்களைக் கேட்டுக்கிட்டா ஓடுச்சு? வீட்டுல வேற எந்த வேலையாவது நீங்க செய்யலைன்னா நின்னுடுதா? எல்லாம் தானா நடக்கலையா?"

நியாயமான கேள்வி என்பதால் கத்தரி இன்னொரு மூச்சை இழுத்துக்கொண்டார். மனைவி எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார். பல் மருத்துவமனையில் நாள் முழுக்கப் பயந்த மனிதர்களைப் பார்க்கிறவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் தோள் காதைத் தேடிப் போகும். அதை இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

"இது ஏன் காதுகிட்ட இருக்கு?" என்று கத்தரியின் தோளைத் தொட்டார்.

"எப்பவும் அங்கதானே இருக்கு."

"தோளோட இடம் கீழ." இரண்டு கையாலும் மெல்ல அழுத்தினார். தோள் முதலில் மறுத்தது. பிறகு பழைய அலமாரிக் கதவு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. "அட, உங்களுக்குக் கழுத்து இருக்கு! கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கத்தரி சிரித்தார். சிரிப்பில் இரண்டு மூச்சு அவரைக் கேட்காமலே போய் வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. அதனால்தான் போய் வந்தது.

"அக்காகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

"வாயில வரல."

"வாயைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார் மனைவி. "திறந்து வச்சிருந்தா ஏதாவது வரும்."*

(* இதைச் சொல்லும்போது உதவியாளர் அம்மா என் வாயைத்தான் பார்த்தார். என் தோளும் காதோரம் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இறக்கினேன். டாக்டரும் இறக்கினார். அவருடையதும் மேலேதான் இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு நிமிடம் எதுவும் வலிக்கவில்லை.)

7

வெள்ளிக்கிழமை. அலுவலகத்தின் பெரிய கூட்ட அறை. அறுபது நாற்காலிகள். கதவருகே இருந்தவைதான் முதலில் நிரம்பின. போன தடவை பட்டவர்கள் ஆயிற்றே. காலணி மனிதர் இம்முறை முன்கூட்டியே வெறுங்காலோடு வந்திருந்தார். மேலாளர் நகலெடுக்கும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி, நாலு அடி தள்ளி உட்கார்ந்தார். மனிதவள மேடம் ஓரத்தில் ஒரு குறிப்பேட்டோடு நின்றார். கத்தரிக்குக் கடைசி வரிசை.

குரலக்கா கையில் தாள் எதுவும் இல்லாமல் முன்னால் உட்கார்ந்தார். அவர் எழுதியதுதானே, மனப்பாடம்.

"கண்ணை மூடிக்குங்க. மூச்சை மெல்ல உள்ள இழுங்க."

பிறகு மௌனம்.

கத்தரிக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒரு வினாடி. இரண்டு. மூன்று! வலது ஆள்காட்டி விரல் அவரைக் கேட்காமல் முழங்காலைத் தட்டியது. வெட்டு, வெட்டு. முழங்கால் எதையும் வெட்டவில்லை. மௌனம் அப்படியே கிடந்தது. திரையில் அது நேர்கோடாகத்தான் இருக்கும். இங்கே அதற்குள் என்னென்னவோ இருந்தன. ஒருவருக்கு மூக்கு விசிலடித்தது. யாருடைய வயிறோ எதையோ நினைத்துப் புலம்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால், குரலக்காவின் மூச்சு, போய் வந்துகொண்டிருந்தது. அது கம்பளிப்பூச்சி மாதிரியே இல்லை என்று நினைத்தார் கத்தரி.

கட்டைவிரல் போயிற்று. பாதம், கணுக்கால், முழங்கால். "திட்டினாலும் பரவாயில்ல, கேட்டுக்குங்க" என்றார் அக்கா. அறையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். இடுப்பு. வயிறு.

"வயித்தோட கொஞ்ச நேரம் இருங்க."

மௌனம். எல்லோரும் வயிற்றோடு இருந்தார்கள். மௌனம் நீண்டது. பயிற்சி என்று அறுபது பேரும் நம்பினார்கள். கத்தரி நம்பவில்லை. அக்காவின் மூச்சு மேலே ஏறித் தொண்டைக் குழியில் நின்றிருந்தது. அடுத்த வரி மறந்துபோனால் மட்டும் அந்த மூச்சு வரும். பதினோரு வருடத்தில் அதை அவர் ஆயிரம் தடவை வெட்டியிருக்கிறார்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். மேலே மூன்றாம் பகுதிக்குப் போய்ச் செருகலாம். செருகினால் நான் எல்லாவற்றையும் திட்டமிட்டு எழுதியது போலாகிவிடும். அதனால் இங்கேயே சொல்கிறேன். பதிவின்போது குரலக்காவுக்கு வரி மறந்தால் கத்தரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வலது கையை உயர்த்துவார். 'விடுங்க, நான் வெட்டிக்கறேன்' என்று அர்த்தம். கையைப் பார்த்ததும் அக்கா நிதானமாகி, முந்தைய வரியிலிருந்து மறுபடி தொடங்குவார்.

கத்தரியின் கை உயர்ந்தது.

உயர்ந்த பிறகுதான் இங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கு உறைத்தது. இறக்கினால் அக்காவைக் கைவிட்டதாகும் என்றும் தோன்றியது. கை அந்தரத்தில் நின்றது.

இந்த மாதிரிப் பயிற்சிகளில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் அரைக்கண் திறந்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்தார். தான் எதையோ தவறவிட்டுவிட்டதாக எண்ணிக் கையை உயர்த்தினார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு வரிசை வரிசையாக. காலணி மனிதர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிமிர்த்தினார். மனிதவள மேடம் குறிப்பேட்டோடு கையைத் தூக்கினார். மேலாளர் கடைசியாகக் கண் திறந்து, தாமதமானதை ஈடுகட்ட இரண்டு கையையும் உயர்த்தினார்.

குரலக்கா கண்ணைத் திறந்தார்.

[கருவியை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்றார் டாக்டர். நானும் "ஆ" என்றேன். முதன்முறையாக நான் சொன்னது இருவருக்கும் சரியாகப் புரிந்தது.]

8

முடிவு ஒன்று. குரலக்கா கணமும் தயங்காமல், "அப்படியே கையை இன்னும் உயரமா நீட்டுங்க" என்று பயிற்சியை வளைத்துக்கொண்டுபோய், எல்லோரும் மெய்மறந்து— [இதில் அவர் ரொம்பக் கெட்டிக்காரி ஆகிவிடுகிறார். அந்த மூச்சு தொண்டைக் குழியில் நின்றது என்று நான்தானே எழுதினேன்?]

முடிவு இரண்டு. அவர் எழுந்து வெளியே ஓடுகிறார். கத்தரி பின்னால் ஓடுகிறார். வெளியே மழை— [மழையை விட்டால் எனக்குச் சோகத்துக்கு வேறு வழி தெரியாது. அன்று நல்ல வெயில்.]

முடிவு மூன்று. உதவியாளர் அம்மா சொன்னது.

குரலக்கா சிரித்துவிட்டார். மூக்கு வழியாக, குறட்டை மாதிரி ஒரு சிரிப்பு. கூடத்தில் என்றால் முதல் வேலையாக வெட்டப்பட்டிருக்கும்.

"எல்லாரும் கையை இறக்குங்க. இது பயிற்சி இல்ல. அடுத்து என்னன்னு நான் மறந்துட்டேன். கடைசி வரிசைல இருக்காரே, என் தம்பி மாதிரி, அவர் 'நான் வெட்டிக்கறேன்'னு சைகை காட்டறார். பாவம், இங்க வெட்ட முடியாது. கொஞ்சம் இருங்க. ஒரு மூச்சு விட்டுக்கறேன்."

அக்கா மூச்சு விட்டார். அறுபது பேரும் காத்திருந்தார்கள். மூச்சு முதலில் தடுக்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி வரிசையில், "மன்னிச்சுக்குங்க அக்கா" என்று ஒரு குரல் வந்தது. அது இவ்வளவு நேரம் கழித்து, இத்தனை பேர் நடுவில், எந்தக் காரணமும் புரியாதபடி வந்ததில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "இருக்கட்டும்டா" என்றார் அக்கா.

அப்போது இரண்டாம் வரிசையில் இருந்த விக்கல் பெண் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்:

"வயித்துக்கிட்ட நிக்கறோம் மேடம்."

"ஆமால்ல? வயிறு. இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் குரலக்கா. "வாங்க, மேல போவோம்."

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று டாக்டர் கேட்டார். உதவியாளர் அம்மாவுக்குத் தெரியவில்லை. கத்தரி அன்றைக்குக் கடிகாரம் பார்க்கவில்லையாம். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது, அக்காவின் மனதில் என்ன ஓடியது என்று எழுதுவதுதான் முறை. நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கீழே அப்படியே விட்டிருக்கிறேன்.

[                                        ]

இது அச்சுப்பிழை அல்ல. உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு இங்கே இருந்துகொள்ளலாம். இந்தக் கதைக்கு முடிவு என்று ஒன்று இருந்தால் அது இதற்குள் இருக்கிறது. என்ன போட வேண்டும் என்பது உங்கள் பாடு.

9

மற்றபடி யார் யார் என்ன ஆனார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நாற்பது பகுதிகளைப் பதிவு செய்யும் திட்டம் கைவிடப்பட்டது. ஒலிபெருக்கி இப்போது தீயணைப்பு ஒத்திகைக்கு மட்டும் பயன்படுகிறது. மேலாளர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். விக்கல் பெண் பதவி உயர்வு பெற்றார். காலணி மனிதர் அலுவலகத்தில் காலணி அணிவதையே நிறுத்திவிட்டார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காவலாளி, நேரில் நடக்கும் புதிய பயிற்சி ரொம்ப நீளம் என்கிறார். உதவியாளர் அம்மா அதே மருத்துவமனையில் இருக்கிறார். டாக்டர் தினமும் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறார். கத்தரி அதே கூடத்தில் அதே வேலையைச் செய்கிறார், மூச்சுகளை இன்னும் வெட்டுகிறார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. குரலக்கா வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமைகளில், பேருந்து ஏறி அந்த அலுவலகத்துக்குப் போய் வருகிறார்.